குடையை விரித்துப் பார்!

மழை கொட்டத் தொடங்கிய பிறகு குடையை விரித்து, கிழிசல் எங்கே என்று தேடுபவனைக் கண்டால் ஊர் நகைக்கும். ஆனால், காப்பீடு எனும் குடையை மட்டும், வெள்ளம் வயலுக்குள் புகுந்த பிறகே உழவன் விரிக்கிறான். கிழிசல் தெரிகிறது, கண்ணீர் பெருகுகிறது, கண்டன ஊர்வலம் கிளம்புகிறது. கண்டனம் கூடாது என்று கூறவில்லை, தோழர்களே! கண்டனத்துக்கு முன்னே கடமை ஒன்று காத்திருக்கிறது என்கிறேன்.

2016 முதல் நடைமுறையில் இருப்பது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். காப்பீட்டுத் தொகையில் உழவர் செலுத்த வேண்டியது, உணவுப் பயிருக்குக் காரிப் பருவத்தில் நூற்றுக்கு 2, ராபியில் ஒன்றரை. பணப்பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. மிச்சம் அரசுகளின் பொறுப்பு. மலிவுதான், மறுப்பாரில்லை. ஆனால், வாங்கிய பண்டம் எது என்று கேட்டோமா?

காட்சி ஒன்று காணுங்கள்.

"ஐயா, என் சம்பா முழுவதும் அழுகிவிட்டது."

"உங்கள் கிராமத்தின் சராசரி விளைச்சல் குறையவில்லையே, பெரியவரே!"

"கிராமத்துக்கா பணம் கட்டினேன்? என் வயலுக்கல்லவா கட்டினேன்!"

பாவம், அவர் கட்டியது கிராமத்துக்குத்தான்! தமிழகத்தில் நெல்லுக்கு அளவுகோல் வருவாய்க் கிராமம். கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து ஒரு வரம்பு விளைச்சல் வகுக்கிறார்கள். பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அதனோடு ஒப்பிடுகிறார்கள். வரம்பு ஏக்கருக்கு 2,000 கிலோ, சோதனையில் கிடைத்தது 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாயானால், கிடைப்பது 9,000. முழுவதும் இழந்தவனுக்கும் அதே 9,000. ஒன்றும் இழக்காத பக்கத்து வயல்காரனுக்கும் அதே 9,000!

தனி வயலைத் தனியே அளக்கும் பிரிவும் உண்டு. ஆலங்கட்டி மழைக்கு உண்டு. அறுத்து உலரப் போட்ட கதிருக்கு 14 நாள் வரை உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்குவதற்கும் இருந்தது. ஆனால் 2018இல் நெல்லுக்கு அதை நீக்கினார்கள். நெல் நீரில் வளரும் பயிராம்! நீரில் நிற்பதும், நீருக்குள் மூழ்கிச் சாவதும் ஒன்றா? காவிரிக் கழனியில் கால் வைத்தவன் எழுதும் விதியா அது? 2026 காரிப் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அழுகிய பயிருக்கு ஆறுதல் சொல்வார் யார்?

தென்னைக்குத் தனித் திட்டம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தபோதே அத்திட்டம் இருந்தது. 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குக் கட்டணம் 14 ரூபாய். தொகை 1,750 ரூபாய். தென்னை வளர்ச்சி வாரியம் பாதியும், மாநில அரசு காலும் ஏற்றால், உழவர் பங்கு மூன்றரை ரூபாய். அந்த மூன்றரை ரூபாய்ச் செய்தி எத்தனை தோப்புகளை எட்டியிருந்தது?

கடன் பெற்றவர் கட்டாயம் சேர வேண்டும் என்ற விதி 2020இல் போயிற்று. சேர்வதும் விடுவதும் உழவர் விருப்பம். விவரம் அறியாதவனிடம் விருப்பத்தை ஒப்படைப்பது, விளக்கில்லாதவனிடம் வழியை ஒப்படைப்பது போன்றது. குத்தகை உழவருக்கும் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால், வாய்மொழிக் குத்தகைக்கு அடங்கலில் இடம் உண்டா? உழுபவன் பெயர் ஏட்டில் ஏறாதவரை, இழப்பு அவனுக்கு, இழப்பீடு எவனுக்கோ!

ஆகவே தோழர்களே, அரசிடம் கேட்போம்: கிராமச் சராசரியோடு வயலின் இழப்பையும் அளந்திடுக! குத்தகையாளனைப் பதிவு செய்திடுக! கேட்கும் அதே வேளையில், கடைசி நாளுக்கு முன்பே களத்து மேட்டில் உழவரோடு அமருங்கள். எந்தப் பயிர், எந்த ஆபத்து, எது அளவுகோல், எத்தனை மணிக்குள் தகவல் என்ற நான்கையும் எடுத்துரையுங்கள். அடங்கலில் பெயர் பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அறுவடைச் சோதனை நடக்கும் நாளில், வரப்பில் நின்று கண்காணியுங்கள்.

மேடையில் உழவனைப் போற்றும் நாம், அவன் வரப்பிலும் நிற்போம். வானம் கறுக்கும் முன்பே குடையை விரித்துக் காட்டுவோம்!