கோழி வாடினால் கறிக்கடைதானா?

ஆதம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. தோட்டமுள்ள வீடுகள் அங்கு குறைவு. ஆயினும் கிணற்றடியிலும் மாடிப்படிக்குக் கீழும் நான்கைந்து நாட்டுக் கோழிகள் வைத்திருப்போர் உண்டு. இத்தகையோரிடம் ஒரு பழக்கம் காணப்படுகிறது. கோழி சோர்ந்து நின்றால், செத்து வீணாகுமுன் அறுத்துவிடுவது அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. சிக்கனமாகத் தோன்றும் இப்பழக்கமே தெருவெங்கும் நோயைப் பரப்புகிறது. குப்பையில் எறிந்த குடலும் இறகும் காகத்தின் வாயிலும் நாயின் வாயிலும் அடுத்த வீடு போய்ச் சேர்கின்றன.

கோழி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. சோர்ந்ததை மற்றக் கோழிகள் கொத்தும். பூனையும் பருந்தும் குறி வைக்கும். ஆகவே இயன்றவரை நிமிர்ந்தே நிற்கும். மூலையில் ஒதுங்கிக் கண் மூடும்போது நோய் முற்றியிருக்கும்.

காலையில் கூண்டைத் திறக்கும் ஐந்து நிமிடமே கோழியைக் கவனிக்க ஏற்ற வேளை. நலமானவை முண்டியடித்து வெளிவரும். கடைசியில் தயங்கி வருவது எது, தீனிக்கு ஓடி வராதது எது என்று பார்க்க வேண்டும். கழுத்தடியிலுள்ள தீனிப்பை இரவில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் நிறைந்து கெட்டியாக இருந்தால் கோளாறு. எச்சம் வெண்மை படிந்து கெட்டியாக இருப்பது நல்லது. இடையிடையே களிபோல் இடும் கரும்பழுப்பு எச்சமும் இயல்பானதே. பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்திருந்தால் கோழியை உடனே தனியே பிரித்துவிட வேண்டும்.

அடைக்கோழியை நோயுற்றதாக எண்ணுவோரும் உளர். அதுவும் இறகைச் சிலிர்த்து, தீனி குறைத்து, ஒரே இடத்தில் கிடக்கும். ஆனால் கையை நீட்டினால் சீறிக் கொத்த வரும். நோய்க்கோழி பேசாமல் இருக்கும். (அடை தெளிய மூக்கில் இறகு செருகுவது வீண் கொடுமை.)

அஞ்ச வேண்டியது கோழிக்கழிச்சல். 1920-களில் இந்நோய் கண்ட இமயமலை ஊரின் பெயரால் இது ராணிக்கெட் நோய் எனப்பட்டது. வாய் திறந்து மூச்சு வாங்குதல், பச்சைக் கழிச்சல், பிறகு கழுத்துத் திருகல். இது நச்சுயிரி நோயாகையால் வந்தபின் மருந்தில்லை. செத்ததைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரென மடிந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது அவசியம். பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் புகுந்ததை மறக்கலாகாது.

கழிச்சலுக்குத் தடுப்பு உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவார முகாமும் நடத்தி வருகிறது. அம்முகாம் மாநகரத் தெருக்களையும் தேடி வருவது நியாயம். ஆனால் வளர்ப்போர் பங்கும் இதில் உண்டு. ஊசி மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கானது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நான்கு கோழிக்காகக் குப்பியை உடைக்க மருத்துவர் தயங்குவது இயல்பே. இரண்டு மூன்று தெருக்காரர்கள் பெயரும் கோழி எண்ணிக்கையும் எழுதிக் கொடுத்து, ஒரே நாளில் ஓரிடத்தில் கூடினால் தயக்கத்துக்கு இடமில்லை. சோர்ந்த கோழியை அங்கே கொண்டுவரக் கூடாது. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் போட்டு முடிக்க வேண்டும்.