வேலைக்குப் பணம் கேட்பதே குற்றமாகட்டும்

2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகத்தைச் சேர்ந்த 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தில் நாளுக்கு 8 மணி நேரம் நின்று, வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் வேலைகளுக்கான பயிற்சி என்று சொல்லி மோசடிக்காரர்கள் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் போய்விட்டது. பலர் பொறியியல் படித்தவர்கள். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் மணவூரில் இதை எங்கோ நடந்த கதையாக ஒதுக்க முடியாது. ரயில்வே வேலை இங்கே அன்றாடம் கண்ணெதிரே ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் தூரமில்லை. வேலை இருப்பது தெரிகிறது, உள்ளே போகும் வழிதான் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

ஏமாந்தவர்களின் பேராசையைப் பழிப்பது எளிது. ஆனால், வேலைக்குப் பணம் கொடுப்பது ஊரறிந்த வழக்கமாகிவிட்ட சமூகத்தில், பணம் கேட்பவர்மீது யாருக்குச் சந்தேகம் வரும்? வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் மோசடி இந்த வழக்கத்தைத்தான் நகலெடுக்கிறது. பதிவுக் கட்டணம், சீருடைக்கு முன்பணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று பெயர்கள் மட்டும் மாறுகின்றன. பகுதிநேர வேலை என்றால் இன்னும் நுட்பம்: யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டதற்குச் சில நூறு ரூபாயை உண்மையாகவே அனுப்பி, நம்பிக்கை வந்தபின் ஆயிரங்களைக் கட்டச் சொல்வார்கள். “எச்சரிக்கையாக இருங்கள்” என்ற அறிவுரை இங்கே போதாது. எதைக் கண்டு எச்சரிக்கையாவது என்ற தெளிவான கோடு வேண்டும். அந்தக் கோட்டைச் சட்டம்தான் போட முடியும்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவருக்கு 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் வேண்டும்; வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. உள்நாட்டு வேலைக்கு ஆள் பிடிப்பவருக்கு அதற்கு இணையான மத்தியச் சட்டம் இல்லை. பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது, செலவு முதலாளியுடையது. இங்கும் அதுவே வேண்டும். அரசுத் தேர்வுகளுக்கே கட்டணம் இருக்கிறதே என்று கேட்கலாம். ரயில்வே தேர்வு வாரியம் வாங்கும் 500 ரூபாயில், முதல்கட்டத் தேர்வை எழுதியவருக்கு 400 திரும்பி வருகிறது. அந்தக் கட்டணம் தேர்வுக்கு, வாரியத்தின் சொந்த இணையதளத்தில் செலுத்துவது. தனியொருவரின் ஜிபே எண்ணுக்குப் போகும் பணம் அந்த வகையில் சேராது.

மோசடிக்காரன் சட்டத்தை மதிப்பானா என்பது வலுவான கேள்வி. மதிக்கமாட்டான். ஆனால் இன்று ஏமாற்றும் நோக்கத்தைக் காவல்துறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும். பணம் கேட்பதே குற்றமானால், கேட்ட குறுஞ்செய்தியே சான்றாகும்; இழப்புக்கு முன்பே புகார் தரலாம். இழந்தபின் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால் பணத்தை வழியில் முடக்க வாய்ப்புண்டு. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. வெளிநாட்டு வேலை என்று ஆசைகாட்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு 2022-இல் மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் துயரத்தை இந்தத் தடை ஒன்றே தீர்த்திருக்காது என்பதும் உண்மை. அங்கே பறிபோனது பணத்தைவிடப் பெரிது. அதற்கு, முகவரின் உரிமத்தை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துத் தரும் ஆள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்க மட்டும் இளைஞர்கள் நினைக்கும் அந்த அலுவலகத்துக்கு இதைவிட அவசரமான வேலை இன்று எதுவும் இல்லை.