சிவப்பு நாடா

சர்க்கார் காரியங்களில் நேரும் தாமதத்தை ஆங்கிலேயர் ‘சிவப்பு நாடா’ என்பர். தஸ்தாவேஜுகளையும் வக்கீல் கட்டுகளையும் செந்நிற நாடாவால் கட்டுவது அங்கே பழைய வழக்கம். லண்டன் பாரிஸ்டர்களிடம் அது, நிறம் சற்று வெளிறி, இன்றும் உண்டு. காகிதத்தைக் கட்டிய நாடா காரியத்தையும் கட்டிவிட்டதென்ற பரிகாசம் 19-ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் எழுத்துக்களால் பிரசித்தியடைந்தது.

தமிழ்ப் பத்திரிகைகளும் அத்தொடரை அப்படியே பெயர்த்து வழங்குகின்றன. பொருள் விளங்கவில்லையென்பதன்று நமது ஆட்சேபம். பென்ஷனுக்கு அலையும் கிழவியின் மனு ‘சிவப்பு நாடாவில் சிக்கியது’ என்றெழுதினால், குற்றம் நாடாவின் தலையில் விழுகிறது. முடிச்சிட்ட கை மறைந்துவிடுகிறது. நாடா தன்னைத்தானே முடிந்துகொள்ளுமோ? மனு எந்த மேஜையில், எத்தனை நாளாக, எந்த உத்தியோகஸ்தரின் கையெழுத்துக்குக் காத்துக்கிடக்கிறதென்று நிருபர்கள் விசாரித்து எழுதட்டும்.