நாளுக்கொரு அட்டை

ஊரில் கடிதம் எழுதத் தொடங்கினால் தாளின் தலையில் முதலில் பிள்ளையார் சுழி விழும். அதன் கீழே சைவ வீடுகளில் ‘சிவமயம்’ என்று எழுதுவார்கள். கிறிஸ்தவ வீடுகளில் ஒரு சிலுவைக்குறி போடுவார்கள். வலது மூலையில் ஊரும் திகதியும். கலியாணக் கடிதமென்றால் நாலு மூலையிலும் மஞ்சள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிகூட மஞ்சளைக் கண்டதும் நல்ல சேதிதான் என்று அறிந்துகொள்வா. கடிதம் வாசிப்பதற்கு முன்பே கண்ணோடு பேசவேண்டும் என்பது எங்கள் சனத்துக்குப் புதிய விடயமல்ல.

இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. யுத்த காலத்தில் அம்மாவின் குரலைக் கேட்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆனால் வட்ஸ்அப்பில் “சாப்பிட்டாச்சோ? அங்கை குளிரோ?” என்று கேட்டபின் என்ன பேசுவதென்று தெரியாமல் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மம்மாவுக்கும் அது விளங்குகிறது. அழைப்பு முடிந்ததும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே இம்முறை, வீட்டிலேயே அட்டை செய்து தபாலில் அனுப்பும் ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினோம். ஓவிய உலகில் இதற்குத் ‘தபால் கலை’ என்று பெயருண்டு.

இது எங்களுக்குத் தூரமான சங்கதியல்ல. பென்ரித்துக்குத் தெற்கே, மேற்குச் சிட்னியின் புதிய விமான நிலையம் அமைந்த பட்ஜரிஸ் கிறீக்கிற்குப் பக்கத்தில், லடன்ஹாம் என்றொரு ஊர் உண்டு. 1962இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிய பாற் லாட்டர் என்ற பெண்மணி பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார். கணவர் ரிச்சட் லாட்டர் பெயர்பெற்ற ஓவியர். பாற் எழுபதுகளில் வெட்டியும் ஒட்டியும் வரைந்தும் அட்டைகள் செய்து பல நாட்டுக் கலைஞருக்குத் தபாலில் அனுப்பினார். அவர்களும் பதில் அனுப்பினார்கள். 1996இல் அவர் காலமானார். அந்தத் தபால் குவியல் இன்று நியூ சவுத் வேல்ஸ் ஓவியக் கலைக்கூடத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. புதிதாக வந்த ஒரு குடும்பத் தலைவி, பெருநகரின் ஓரத்தில் இருந்துகொண்டே, ஒரு முத்திரையின் செலவில் உலகத்தோடு உறவு வைத்துக்கொண்டார். இந்தக் கலையில் தெரிவுக்குழுவும் இல்லை, விலையும் இல்லை. யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வதே வழக்கம்.

ஜப்பானியரான ஒன் கவாராவின் செயல் எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. 1968 முதல் 1979 வரை அவர் எந்த ஊரில் தங்கினாலும் நாளுக்கு இரண்டு தபாலட்டைகளை நண்பர்களுக்கு அனுப்பினார். அவற்றில் அன்று எத்தனை மணிக்கு எழும்பினார் என்பதை றப்பர் முத்திரையால் குத்தியிருப்பார். சுகம் விசாரிப்பும் இல்லை, கதையும் இல்லை. 1970 முதல், தான் இன்னும் உயிரோடு இருப்பதாக மட்டும் சொல்லும் தந்திகளையும் அனுப்பிவந்தார். மேல்நாட்டார் இதைப் புதுமை என்று வியந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில், ‘நாங்கள் சுகம்’ என்ற இரண்டு சொல்லுக்காக செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த தாளைக் காத்திருந்து வாங்கியவர்களுக்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை. அந்தத் தாளில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். இடையில் யாரும் வாசிக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன.

ஆர்ஜென்ரீனாவில் எட்கார்டோ அன்ரோனியோ விகோ என்றொரு கலைஞர் இருந்தார். 1976இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த சில மாதங்களில் அவருடைய மகன் பிடித்துச் செல்லப்பட்டான். தகப்பன், மகனை விடுவிக்கும்படி கேட்கும் முத்திரைகளைத் தானே செய்து கடிதங்களில் ஒட்டி உலகெங்கும் அனுப்பினார். மகன் திரும்பி வரவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படங்களை ஏந்தித் தெருவோரம் இருந்த தாய்மாரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் நாம் விளக்கவேண்டியதில்லை.

இனிச் செய்முறை. ‘எங்களுக்குக் கீறத் தெரியாது’ என்று சொல்லவேண்டாம்; கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும். காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியை 10 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றராக வெட்டினால் தபாலட்டை தயார். தபால்பெட்டிக்குள் வந்து விழும் விளம்பரத்தாள்களில் படங்களுக்குப் பஞ்சமில்லை. பசைக்குக் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சலாம். எங்கள் வீடுகளில் பட்டத்துக்கு ஒட்டிய அதே பசைதான். மெல்லியதாகப் பூசி, பாரமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்தால் அட்டை வளையாது. பிள்ளை அன்று பள்ளிக்கூடத்தில் கண்டதை ஒரு வரி தமிழில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். ‘ள’வும் ‘ழ’வும் மாறி வந்த அட்டையைத்தான் அம்மம்மா அயலட்டைக்கெல்லாம் காட்டித் திரிவா.

நாள்தோறும் முத்திரை வாங்குவது கையைக் கடிக்கும். 2025 யூலையில் உள்நாட்டுச் சாதாரண முத்திரை 1.70 டொலராக உயர்ந்தது. அரசாங்கச் சலுகை அட்டை உள்ளவர்கள் அவுஸ்திரேலியத் தபால் நிலையத்தில் பதிந்துகொண்டால் சலுகை முத்திரை வாங்கலாம். அது உள்நாட்டுக்கு மட்டுமே. ஆகவே அட்டையை நாள்தோறும் செய்யுங்கள், ஏழையும் ஓர் உறையில் போட்டு வாரத்துக்கொருமுறை அனுப்புங்கள். சிறிய கடிதத்தின் தடிப்பு 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஏழு பெட்டி மட்டைகள் அதற்குள் அடங்கும். மணியும் பொத்தானும் ஒட்டினால் அடங்காது, பெரிய கடிதமாகக் காசு கேட்பார்கள். சிட்னிப் பிள்ளைகளும் மெல்பேண் பிள்ளைகளும் தங்களுக்குள் அனுப்பிப் பழகினால் இன்னும் நல்லது. 2024 முதல் கடிதங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டுக்கு வருகின்றன. காத்திருக்கப் பழகுவதும் இந்தத் தலைமுறைக்குத் தேவைதான்!

ஊருக்கு அனுப்பும்போது விலாசத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். கொழும்பில் பிரிப்பவருக்கு ஒன்று, ஊரில் சைக்கிளில் வரும் தபாற்காரருக்கு மற்றது. யாழ்ப்பாணமென்றால் 40000, மட்டக்களப்பென்றால் 30000 என்ற இலக்கத்தையும் சேருங்கள். அங்கிருந்து பதில் வரும்போது வேப்பிலை, விதை, பூ என்று எதையும் வைக்கவேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடித்துவிடுவார்கள். முற்றத்து வேப்பிலையை வெள்ளைத்தாளின் கீழ் வைத்துப் பென்சிலால் உரசினால் நரம்பெல்லாம் தாளில் விழும். அதை யாரும் பறிக்கமாட்டார்கள்.

2012, 2013இல் படகில் வந்து இன்னும் இடைக்கால விசாவில் இருக்கும் தகப்பன்மாரையும் நாம் நினைக்கிறோம். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் பலருக்கு அது திறக்கவில்லை. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. கைக்குழந்தையாக விட்டு வந்த பிள்ளை இன்று ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது, தொலைபேசியில் அப்பாவோடு பேச அதற்கு வெட்கம். டண்டினோங்கில் ஒரு தகப்பன் வேலைக்குப் போகுமுன் ஓர் அட்டையில் எழும்பிய நேரத்தை எழுதி, சப்பாத்தைச் சுற்றிப் பேனையால் ஒரு கோடு கீறி அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளை அதன்மேல் தன் காலை வைத்துப் பார்க்கும்.

அட்டையின் மேல்மூலையில் பிள்ளையார் சுழிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். முத்திரை ஒட்டும் பக்கம் வலது மூலை. அங்கே ஒன்றும் கீறவேண்டாம்.