கோச் திட்டுவது உங்களையா, உங்கள் ஆட்டத்தையா?

“இத்தனை தடவை சொல்லியும் பந்தை விடுறியே, உனக்கெல்லாம் எதுக்குடா ஹாக்கி?”

மைதானங்களில் சாதாரணமாகக் காதில் விழும் வசவு இது. இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பந்தை விட்டது ஆட்டத்தைப் பற்றியது, நாளைக்கே திருத்திக்கொள்ளலாம். ‘உனக்கெல்லாம்’ என்பது ஆளைப் பற்றியது. அதை எப்படித் திருத்துவது? வீட்டுக்குப் போன பிறகும் மனசில் நிற்பது இந்த இரண்டாவதுதான்.

இது ஏன் முக்கியம்?

அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான அறிமுக ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற அணியிலும் இருந்தார். அவரைப் பார்த்து கல்லங்குறிச்சி மாதிரி பக்கத்து ஊர்களில் ஒரு பிள்ளை மட்டையைக் கையில் எடுக்கலாம். ஆனால், நகரத்தில் ஒரு கோச் பிடிக்காவிட்டால் இன்னொரு அகாடமி இருக்கும். கிராமத்தில் பெரும்பாலும் ஒரே கோச்தான். அவரோடு மனக்கசப்பு வந்தால் விளையாட்டே நின்றுபோகும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகிய இருவரும் கருத்துரை பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகக் கருத்துரை பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆபீஸ் அப்ரைசலுக்கும் இது பொருந்தும்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது சரியா?

ராமாகாந்த் அச்ரேக்கர் 29 வருடத்தில் ஒரு தடவைகூடத் தன்னிடம் ‘நல்லா ஆடினாய்’ என்று சொன்னதில்லை என்று 2013 ஓய்வு உரையில் சச்சின் டெண்டுல்கர் சொன்னார். அதே குருதான் சிறுவன் சச்சினை ஸ்கூட்டரில் ஏற்றி மைதானம் மைதானமாகக் கூட்டிப்போனவர். பாராட்டைக் கையில் பிடித்து வைப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. ‘இவர் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்’ என்ற நம்பிக்கை இருந்தால்தான் கண்டிப்பு உள்ளே இறங்கும்.

வீரர் என்ன செய்யலாம்?

ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். முன்கள வீரர் சில நிமிடம் ஓடிவிட்டு வெளியே வருவார். கோச் சொல்வதைக் கேட்டு மறுபடி உள்ளே போவார். வெளியே கூப்பிட்டதைத் தண்டனையாக அவர் நினைப்பதில்லை. திருத்தத்தையும் அப்படி எடுத்துக்கொள்ளப் பழகலாம்.

திட்டு விழுந்த உடனே பதில் வேண்டாம். மூச்சு வாங்கியபின், “சார், அடுத்த தடவை நான் எதை மாற்றணும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வசவு உதிர்ந்துவிடும், வேலை மட்டும் கையில் நிற்கும்.

கோச்சின் பொறுப்பு?

‘நீ சோம்பேறி’ என்பதைவிட ‘பந்து வரும்போது மட்டையைத் தாழ்த்து’ என்பது பிள்ளைக்குப் பயன்படும். கடுமையாகச் சொல்ல வேண்டியதை எல்லார் முன்பும் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

உடல், நிறம், சாதி, குடும்பம் பற்றிய பேச்சோ கைநீட்டுவதோ பயிற்சியே அல்ல. அதைப் பொறுத்துக்கொள் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக்கூடாது. பெற்றோரிடம் சொல்லலாம், 1098 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

திருத்தத்தைத் தாங்கும் மனசைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் முன், தாங்கக்கூடிய திருத்தத்தைக் கொடுக்கப் பெரியவர்கள் பழக வேண்டும்.