ஒரு குரல் குறைந்த ஆல்பம்

இன்னிக்கு பூஜை விஷயம் இல்ல, பாட்டு விஷயம். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நம்ம தொண்டர் குழுவில எங்க வயசுக்காரங்க சில பேர் எண்பதுகள்ல கேசட் வாங்கி இங்கிலீஷ் பாட்டு கேட்டு வளர்ந்தவங்க. எங்களுக்குள்ள இன்னும் தீராத ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில பாஸ்டன் நகரத்து 'தி கார்ஸ்' குழு, 24 வருஷம் கழிச்சு 2011-ல போட்ட 'மூவ் லைக் திஸ்' ஆல்பம் தேறுமா தேறாதா?

'டிரைவ்' பாட்டு ஞாபகம் இருக்கா? 1985 லைவ் எய்ட் நிகழ்ச்சியில எத்தியோப்பியா பஞ்சக் காட்சிகளோட போட்டாங்களே, அது இவங்க பாட்டுதான். எழுதினவர் ரிக் ஒகாசெக். பாடினவர் பெஞ்சமின் ஓர். இது நிறைய பேருக்குத் தெரியாது. குழுவில பாஸ் கிட்டார் வாசிச்சவரும் ஓர்தான். 1988-ல குழு பிரிஞ்சது. 2000-ல ஓர் புற்றுநோயில காலமானார், வயசு 53.

அப்புறம் பழைய ஆளுங்க ரெண்டு பேர், டாட் ரன்ட்கிரனைப் பாட வெச்சு 'தி நியூ கார்ஸ்'னு கொஞ்ச நாள் ஓட்டினாங்க. அவரு நல்ல பாடகர்தான். ஆனா அது பழசாவும் இல்ல, புதுசாவும் இல்ல.

2011-ல மிச்சம் இருந்த நாலு பேரும் சேர்ந்தாங்க. ஓர் இடத்துக்குப் புது ஆளைச் சேர்க்கல. பாஸ் வேலையைக் கீபோர்டு வாசிக்கிற கிரெக் ஹாக்சும் தயாரிப்பாளர் ஜாக்நைஃப் லீயும் பார்த்துக்கிட்டாங்க. எல்லாப் பாட்டையும் ஒகாசெக்கே பாடினார். அமெரிக்கப் பட்டியல்ல 7-ஆம் இடம் வரைக்கும் போச்சு.

ஆனா கேட்டவங்க ஒரே மாதிரி பேசல. அதே கீபோர்டு, அதே தாளம், இத்தனை வருஷத்துல ஒண்ணுமே மாறலையான்னு ஒரு கட்சி. இந்தக் குறையை நாங்க ஏத்துக்கல. ஃபேக்டரியில 24 வருஷம் நிறுத்தி வெச்ச மெஷின் முதல் நாளே பழைய ஸ்பீடுல ஓடினா கைதட்டுவோமா, திட்டுவோமா?

ஓர் இல்லாம பாதி காலின்னு சொல்றது இன்னொரு கட்சி. இவங்க சொல்றது உண்மை. 'சூன்'னு ஒரு மெதுவான பாட்டு இருக்கு, கேட்டுப் பாருங்க. ஒகாசெக் குரல் கொஞ்சம் வறண்ட குரல். ஓர் குரல் வழுக்கிக்கிட்டுப் போகும். இந்தப் பாட்டு அவருக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல மனசு கனக்குது.

அதுக்காக அவர் மாதிரியே பாடற ஒருத்தரைத் தேடிப் பிடிச்சிருக்கணுமா? கூடாதுன்னுதான் சொல்வோம். பஜனையில முன்னால பாடற பெரியவர் போயிட்டா, அவர் குரலை யாராவது மிமிக்ரி பண்ணினா நமக்குப் பிடிக்குமா? தெரிஞ்ச குரல்ல நாமளே பாடறதுதான் அவருக்கு மரியாதை.

"அப்போ எதுக்குப் பழைய பேரு வெச்சாங்க?"னு எங்கள்ல ஒரு தம்பி விடாம கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனா அஞ்சு பேர்ல நாலு பேர் இருந்தாங்க, பாட்டு எழுதினவரும் இருந்தார். 2019-ல ஒகாசெக்கும் போயிட்டார். எல்லாம் சரியா அமையட்டும்னு காத்திருந்தா இந்தப் பத்துப் பாட்டும் கிடைச்சிருக்காது. தம்பி இன்னும் ஒத்துக்கல.

கேட்காதவங்க முதல்ல 'சாட் சாங்' கேளுங்க, அப்புறம் 'சூன்'. சனிக்கிழமை காலையில 7 மணிக்கு மண்டபம் கழுவற வேலை இருக்கு. சண்டை போடணும்னா அங்க வாங்க, வாளியும் கொண்டு வாங்க.