வேம்பின் கழுத்தில் கொடிக் கம்பி

கொல்லையில் ஒரு வேப்ப மரம் நின்றால் நிழலுக்கு ஆயிற்று, பல் குச்சிக்கு ஆயிற்று, துணி உலர்த்தக் கொடி கட்டவும் ஆயிற்று! கம்பியை அடிமரத்தைச் சுற்றி இழுத்து முறுக்கிவிட்டால் ஈரப் புடவை பத்தானாலும் தாங்கும். (முறுக்குவது என்னவோ வீட்டு ஆண்பிள்ளைகள்தான்.) சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் கம்பியைக் காணோம், மரம் விழுங்கியிருக்கும். அதற்கு மேலே பட்டை உதடு போலத் தடித்திருக்கும். நமக்கு வேடிக்கை, மரத்துக்கோ அது சுருக்குக் கயிறு.

மரம் உயர்வது நுனிகளில். ஆகையால் இன்று இடுப்பளவு உயரத்தில் அடித்த ஆணி, மரம் மாடியை எட்டிய பிறகும் இடுப்பளவிலேயே இருக்கும். பருப்பது மட்டும் பட்டைக்கு அடியில். அங்கே மிக மெல்லிய உயிர்ப் படலம் ஒன்று மரத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. 'கேம்பியம்' என்று அதற்குப் பெயர். உட்புறம் புதிய கட்டையையும் வெளிப்புறம் புதிய உள்பட்டையையும் வருஷா வருஷம் உண்டாக்குவது அதுதான். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது கட்டை வழியே. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது உள்பட்டை வழியே. நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. அதனால்தான் நடுவில் பொந்து விழுந்த புளிய மரம்கூடக் காய்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பட்டையைச் சுற்றிலும் ஒரு வளையம் சீவிவிட்டாலோ, வேர் பட்டினி கிடந்து, எவ்வளவு பெரிய மரமும் நாளடைவில் பட்டுப்போகும். பருக்கிற மரத்தை இறுக்கும் கம்பி அதையே மெள்ள மெள்ளச் செய்கிறது.

தென்னைக்கு இந்தப் படலமே கிடையாது. அது பெரும்பாலும் எடுத்த பருமனிலேயே உயர்ந்துகொண்டு போகும், கம்பியும் கடிக்காது. வெளியே வைரமுள்ளது புல், உள்ளே வைரமுள்ளது மரம் என்று தொல்காப்பியர் பிரித்திருக்கிறார். அவர் கணக்கில் தென்னையும் பனையும் புல்தான்!

வேம்பில் கொடி கட்டியே தீரவேண்டுமென்றால், திருகாணிக் கொக்கி ஒன்றைச் செலுத்தி அதில் மாட்டுங்கள். அது சிறு புண், மரம் மூடிக்கொள்ளும். கயிறாக இருந்தால் தளர்த்தியாகக் கட்டி, வருஷத்துக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள். கம்பி மேலாக இருந்தால் இன்றே வெட்டி எடுத்துவிடலாம். ஆழப் புதைந்திருந்தால் பிடுங்க வேண்டாம். பட்டையும் கூடவே கிழிந்து வந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் நறுக்கிவிட்டு, புடவைகளைத் தென்னைப் பக்கம் மாற்றிவிடுங்கள்.